கடன் கொடுக்கிறவர் முதலில் பணம் கேட்டால்: போலி லோன் அழைப்புகள் இயங்கும் விதம்

"ஓடிபி சொல்லாத வரைக்கும் நம்ம பணம் போகாது" என்று பலரும் உறுதியாக நம்புகிறார்கள். வங்கிகளும் காவல்துறையும் பல வருடங்களாகச் சொல்லிச் சொல்லிப் பதிய வைத்த எச்சரிக்கை அது. ஆனால் போலி லோன் அழைப்பில் ஓடிபிக்கு வேலையே இல்லை. அங்கே பணத்தை அனுப்புவது நாமேதான்: நம் போனில், நம் யுபிஐ பின் எண்ணை, நம் விரலால் அழுத்தி அனுப்புகிறோம். ஓடிபி விஷயத்தில் ரொம்ப உஷாராக இருப்பவர்கள்கூட இதில் மாட்டிக்கொள்வதற்கு இதுதான் காரணம்.

பணம் போன பிறகு வரும் சிக்கலுக்கும் இதே வேர்தான். நமக்குத் தெரியாமல் கணக்கிலிருந்து பணம் எடுக்கப்பட்டால் வாடிக்கையாளரைக் காப்பாற்ற ரிசர்வ் வங்கியின் விதிகள் இருக்கின்றன. நாமே பின் போட்டு அனுப்பிய பணத்துக்கு வங்கி பொதுவாக அந்தப் பாதுகாப்பைத் தருவதில்லை. ஆகவே இந்த மோசடியில் தப்பிக்கும் இடம் பணம் அனுப்புவதற்கு முந்தைய நிமிடம்தான்.

## எல்லாமே "லோன் ஆப் மோசடி" இல்லை

பேச்சு வழக்கில் மூன்று வேறு குற்றங்களை ஒரே பெயரில் அழைக்கிறோம். எது நடந்தது என்று தெரியாவிட்டால் என்ன செய்வது என்பதிலும் குழப்பம் வரும்.

முதலாவது, போலிக் கடன். லோன் கிடைத்துவிட்டது என்று சொல்லி, அதை விடுவிக்கக் கட்டணம் வாங்கிக்கொள்வார்கள். கடைசி வரை ஒரு ரூபாய்கூடக் கடனாக வராது. இந்தக் கட்டுரை பேசப்போவது இதைப் பற்றித்தான்.

இரண்டாவது, சட்டவிரோத லோன் ஆப். இதில் பணம் உண்மையிலேயே வரும். கேட்டதைவிடக் குறைவாக வரும். சில நாட்களிலேயே பல மடங்காகத் திருப்பிக் கேட்பார்கள். கொடுக்காவிட்டால் போனிலிருந்து எடுத்த தொடர்பு எண்களுக்கெல்லாம் ஆபாசமாக மார்ஃப் செய்த படங்களை அனுப்புவார்கள். ரிசர்வ் வங்கி அமைத்த பணிக்குழு 2021-இன் தொடக்கத்தில் பார்த்தபோது, இந்தியர்களுக்குக் கிடைத்த சுமார் 1,100 கடன் ஆப்களில் 600 சட்டவிரோதமானவையாக இருந்தன.

மூன்றாவது, நம் பெயரில் வேறொருவர் வாங்கும் கடன். ஆதார், பான், செல்ஃபி ஆகியவை போதும். முதல் வகையில் ஏமாந்தவர் கொடுத்த ஆவணங்கள் மூன்றாவது வகைக்குப் போய்ச் சேர்வதும் உண்டு.

சுருக்கமாக: முதல் வகையில் போவது கட்டணம், இரண்டாவதில் போவது நிம்மதி, மூன்றாவதில் போவது அடையாளம்.

## பயம் யார் பக்கம் இருக்கிறது?

பக்கத்து வீட்டு அக்காவிடம் ஐயாயிரம் ரூபாய் கைமாற்றுக் கேட்கிறீர்கள். அவர் என்ன யோசிப்பார்? "இவன் திருப்பித் தருவானா, சம்பளம் எப்போ வரும், போன தடவை வாங்கினதைச் சொன்ன தேதியில கொடுத்தானா" என்றுதான் யோசிப்பார். பயம் முழுக்க அவர் பக்கம். "ஐயாயிரம் தரேன் தம்பி, அதுக்கு முன்னாடி நீ எனக்கு ஐந்நூறு அனுப்பு" என்று அவர் சொன்னால், அது கைமாற்றே இல்லை என்று நமக்கு உடனே புரிந்துவிடும்.

வங்கிக்கும் இதே பயம்தான். அதனால்தான் சம்பளச் சீட்டு, ஆறு மாத வங்கி விவரம், வேலை பார்க்கும் இடம் என்று துருவித் துருவிக் கேட்கிறது. கடன் வரலாற்றைப் பார்க்கிறது. கடன் வரலாறு என்பது நாம் இதுவரை வாங்கிய கடன்களையும் கட்டிய விதத்தையும் பதிந்து வைத்திருக்கும் அறிக்கை. சிபில், எக்ஸ்பீரியன், ஈக்விஃபாக்ஸ், சிஆர்ஐஎஃப் ஹைமார்க் என்று நான்கு நிறுவனங்கள் இந்தியாவில் இதைத் தயாரிக்கின்றன. அதிலிருந்து வரும் 300 முதல் 900 வரையிலான மதிப்பெண்ணைத்தான் பொதுவாக "சிபில் ஸ்கோர்" என்கிறோம்.

இப்போது போலி அழைப்பைக் கேளுங்கள்:

"வணக்கம் சார், உங்களுக்கு மூணு லட்சம் பர்சனல் லோன் அப்ரூவ் ஆயிருக்கு. சிபில் பார்க்க மாட்டோம் சார். ஷூரிட்டி வேணாம். ஆதார், பான் ரெண்டையும் வாட்ஸ்அப்ல அனுப்புங்க, ஈவினிங்குள்ள அமௌன்ட் கிரெடிட் ஆயிடும்."

மூன்று லட்சத்தை முன்பின் தெரியாத ஆளிடம் தூக்கிக் கொடுக்கப்போகிறவருக்கு எந்தப் பயமும் இல்லை. நீங்கள் திருப்பித் தருவீர்களா என்று ஒரு கேள்விகூட இல்லை. அவர் எதையும் கொடுக்கப்போவதில்லை. அதனால் பயப்பட எதுவும் இல்லை. உண்மையிலேயே கடன் கொடுப்பவர் தன் உழைப்பை உங்களைச் சோதிப்பதில் செலவிடுகிறார். மோசடிக்காரர் அதே உழைப்பை உங்களை அவசரப்படுத்துவதில் செலவிடுகிறார். அழைப்பில் இந்த இரண்டில் எது நடக்கிறது என்று மட்டும் கவனித்தாலே பாதிக்கு மேல் தெரிந்துவிடும்.

## நமக்குப் பண நெருக்கடி என்று அவர்களுக்கு எப்படித் தெரியும்?

"நான் லோன் தேடுறது அவங்களுக்கு எப்படித் தெரிஞ்சுது? அப்போ உண்மையான கம்பெனியாத்தான் இருக்கணும்" என்று பலர் ஏமாறுவது இந்த இடத்தில்தான்.

இணையத்தில் "உடனடி லோன்" என்று தேடி, கண்ணில் பட்ட படிவத்தில் பெயரும் எண்ணும் மாதச் சம்பளமும் நிரப்பினால், அந்த விவரம் பலர் கைக்கு விற்கப்படும். தொழிலில் இதற்கு "லீட்" என்று பெயர். ஃபேஸ்புக்கில் ஓடும் லோன் விளம்பரத்தைத் தொட்டதும் நேராக வாட்ஸ்அப் திறந்து, அதில் ஒரு செய்தி அனுப்பினால், உங்கள் எண் அந்த நொடியிலேயே போய்விட்டது. சிலருக்கு முழுப் பெயர், பான் எண், வேலை பார்க்கும் இடம் வரை சொல்லிப் பேசுவார்கள். அதெல்லாம் உங்கள் விவரம் கசிந்திருக்கிறது என்பதைத்தான் காட்டுகிறது. பேசுபவர் யார் என்பதற்கு அது சான்று ஆகாது.

நல்ல தமிழில், அலுவலகச் சத்தம் பின்னணியில் கேட்க, மரியாதையாகப் பேசுவார்கள். கூலிக்கு ஆள் வைத்து, எழுதிக் கொடுத்ததைப் படிக்கச் சொல்லி நடத்தும் போலி கால் சென்டர்கள் இவை. தமிழ்நாட்டிலேயே இப்படிப் பல பிடிபட்டிருக்கின்றன.

## கட்டணத்தின் மேல் கட்டணம்

முதலில் கேட்கும் தொகை சின்னதாக இருக்கும். வேண்டுமென்றே அப்படி வைக்கிறார்கள். மூன்று லட்சம் வரப்போகிறது என்று நினைக்கும்போது 1,850 ரூபாய் பெரிதாகத் தெரியாது. ஒரு மாதிரி வரிசை இது. தொகைகள் ஆளுக்கு ஆள் மாறும், போக்கு மாறாது.

ஃபைல் சார்ஜ் 1,850 ரூபாய். கட்டியதும் முத்திரை, கையெழுத்து, உங்கள் பெயர் எல்லாம் போட்ட "சாங்ஷன் லெட்டர்" வாட்ஸ்அப்பில் வரும். அடுத்து லோன் இன்ஷூரன்ஸ் 4,500. அதற்குப் பிறகு "ஜிஎஸ்டி கட்டாததால் பணம் நிற்கிறது, 7,200 கட்டினால் லோனோடு சேர்த்துத் திரும்பி வரும்" என்பார்கள். பிறகு "நீங்க கொடுத்த அக்கவுன்ட் நம்பர்ல ஒரு எண் தப்பா இருக்கு, ரிசர்வ் பேங்க் ஹோல்ட் பண்ணிடுச்சு, சரி பண்ண 9,000." அந்த ஒரு எண்ணை மாற்றித் தட்டச்சு செய்த கடிதத்தையும் அனுப்புவார்கள், தவறு நம்முடையது என்று நாமே நம்பிவிடுவோம்.

இதற்குள் 13,550 போயிருக்கும். இந்த நிலையில் நின்றுவிட்டால் கட்டியது அத்தனையும் வீண். இன்னும் 9,000 கட்டினால் எல்லாமே திரும்பி வரும் என்று ஆசை காட்டுகிறார்கள். நகையை அடகு வைத்தும், வட்டிக்கு வாங்கியும் கட்டுகிறவர்கள் இந்தக் கட்டத்தில்தான் கட்டுகிறார்கள். முட்டாள்தனத்தால் அல்ல, ஏற்கெனவே போனதைக் காப்பாற்ற வேண்டும் என்ற தவிப்பால். ஏமாந்தவரைத் திட்டும் குடும்பத்தினர் இதைப் புரிந்துகொள்ள வேண்டும். திட்டுக்குப் பயந்து மறைப்பவர்தான் அடுத்த தவணையையும் கட்டுகிறார்.

அரசுத் திட்டத்தின் பெயரிலும் இதே வரிசைதான். 4,500 ரூபாய் கட்டினால் பிரதமரின் முத்ரா திட்டத்தில் 10 லட்சம் கடன் என்று சுற்றிய அனுமதிக் கடிதத்தைப் போலி என்று மத்திய அரசின் பத்திரிகைத் தகவல் பணியகம் அறிவித்திருக்கிறது. முத்ரா நிறுவனம் தனிநபருக்கு நேரடியாகக் கடன் கொடுப்பதே இல்லை. வங்கிகளும் நிதி நிறுவனங்களும்தான் அந்தத் திட்டத்தின்கீழ் கொடுக்கின்றன.

## உண்மையான கடனில் கட்டணமே கிடையாதா?

உண்டு. "கட்டணம் கேட்டாலே மோசடி" என்று சொல்லிவிடுவது எளிது, ஆனால் சரியில்லை. பெரும்பாலான தனிநபர் கடன்களில் பிராசஸிங் கட்டணம் இருக்கும். அது எங்கிருந்து எடுக்கப்படுகிறது என்பதைத்தான் பார்க்க வேண்டும்.

ஒரு லட்சம் கடன், 2 சதவீதம் பிராசஸிங் கட்டணம் என்று வைத்துக்கொள்வோம். கட்டணம் 2,000. அதன்மேல் 18 சதவீதம் ஜிஎஸ்டி 360. மொத்தம் 2,360. தனிநபர் கடனில் வழக்கமாக இதைக் கழித்துக்கொண்டு 97,640 ரூபாயைக் கணக்கில் போடுவார்கள். நீங்கள் கையிலிருந்து எதையும் அனுப்ப வேண்டியதில்லை.

ஜிஎஸ்டி என்பது கட்டணத்துக்குத்தான். கடன் தொகைக்கு ஜிஎஸ்டி கிடையாது. கடன் பெறுபவரிடம் டிடிஎஸ்ஸும் பிடிக்க மாட்டார்கள். உங்கள் கடனை நிறுத்தி வைப்பதோ விடுவிப்பதோ ரிசர்வ் வங்கியின் வேலையும் அல்ல. இந்த மூன்றில் ஒன்று பேச்சில் வந்தாலே போனை வைத்துவிடலாம்.

ஒரு விதிவிலக்கு: வீட்டுக்கடனுக்குச் சில வங்கிகள் விண்ணப்பிக்கும்போதே சில ஆயிரம் ரூபாய் முன்கட்டணம் வாங்கும். அது வங்கியின் பெயரில் உள்ள கணக்குக்குப் போகும், ரசீது வரும், கிளைக்குப் போய்க் கேட்டால் பதில் கிடைக்கும். ஏதோ ஒரு தனிநபரின் யுபிஐ எண்ணுக்குப் போகாது.

வங்கிக்காக ஆள் பிடிக்கும் முகவர்களும் உண்மையிலேயே இருக்கிறார்கள். அவர்களுக்கான கமிஷனை வங்கிதான் கொடுக்கிறது. உங்களிடம் "என் சர்வீஸ் சார்ஜ்" என்று கேட்கும் முகவரைத் தவிர்த்துவிடுங்கள்.

சுருக்கமாக: உண்மையான கட்டணம் கடனிலிருந்து கழியும், அல்லது நிறுவனத்தின் கணக்குக்கு ரசீதோடு போகும். போலிக் கட்டணம் உங்கள் கையிலிருந்து யாரோ ஒருவரின் கணக்குக்குப் போகும்.

## பணம் அனுப்பும் முன் சரிபார்ப்பது

முதலில், கடன் கொடுப்பது யார் என்று கேளுங்கள். ஒரு வங்கியின் பெயரோ, என்பிஎஃப்சியின் பெயரோ வர வேண்டும். என்பிஎஃப்சி என்றால் ரிசர்வ் வங்கியில் பதிவு செய்து கடன் கொடுக்கும், வங்கி அல்லாத நிதி நிறுவனம். பதிவான நிறுவனங்களின் பட்டியல் ரிசர்வ் வங்கியின் இணையதளத்தில் இருக்கிறது. ஆப் மூலம் கடன் என்றால், அங்கீகரிக்கப்பட்ட நிறுவனங்கள் தெரிவித்த கடன் ஆப்களின் பட்டியலும் 2025 ஜூலை முதல் அங்கேயே கிடைக்கிறது.

பட்டியலில் பெயர் இருந்தால் மட்டும் போதாது. இங்குதான் கவனம் தேவை. மோசடிக்காரர்கள் இல்லாத நிறுவனத்தைக் கற்பனை செய்வது குறைவு. இருக்கிற பெரிய நிறுவனத்தின் பெயரையும் லோகோவையும் பதிவு எண்ணையும் அப்படியே எடுத்துப் போடுகிறார்கள். பெயர் உண்மை, பேசுபவர் போலி. அதனால் நிறுவனத்தின் எண்ணை நீங்களே தேடி எடுத்து, நீங்களே அழையுங்கள். கடிதத்தில் அச்சிட்டிருக்கும் எண்ணும் வேண்டாம், தேடுபொறியில் முதலில் வரும் "கஸ்டமர் கேர்" எண்ணும் வேண்டாம். அவையும் அவர்கள் போட்டதாக இருக்கலாம். உங்கள் பாஸ்புக், ஏடிஎம் அட்டையின் பின்புறம், வங்கியின் சொந்த இணையதளம் ஆகியவற்றில் இருக்கும் எண்ணே சரி. வங்கிகளின் முகவரிகள் இப்போது "டாட் பேங்க் டாட் இன்" என்று முடிகின்றன.

அடுத்து, முக்கிய விவர அறிக்கையைக் கேளுங்கள். பெயர் சுருக்கமாக கேஎஃப்எஸ். கடன் தொகை, வட்டி, எல்லாக் கட்டணங்களும், அவற்றைச் சேர்த்த ஆண்டுச் செலவு விகிதமும் ஒரே இடத்தில் எழுதப்பட்ட தாள் அது. 2024 அக்டோபர் முதல் தனிநபர் கடன்கள் அனைத்துக்கும் இதைக் கொடுத்தே ஆக வேண்டும், அதுவும் கடன் வாங்குபவருக்குப் புரியும் மொழியில். தமிழில் கேட்க உங்களுக்கு உரிமை இருக்கிறது. ஏழு நாள், அதற்கு மேல் தவணைக்காலம் உள்ள கடன் என்றால், அந்தத் தாளைக் கொடுத்த பிறகு யோசிக்கக் குறைந்தது மூன்று வேலை நாட்கள் தர வேண்டும் என்பதும் விதி. "சாயங்காலம் அஞ்சு மணிக்குள்ள கட்டலைன்னா ஃபைல் க்ளோஸ் ஆயிடும் சார்" என்று யார் சொன்னாலும் இந்த மூன்று நாளை நினைத்துக்கொள்ளுங்கள். தாளில் இல்லாத கட்டணத்தை உங்கள் சம்மதம் இல்லாமல் பிறகு வசூலிக்கவும் முடியாது.

மூன்றாவதாக, யுபிஐயில் எண்ணைப் போட்டதும் பணம் பெறுபவரின் பெயர், வங்கியில் பதிவானபடி, திரையில் வரும். பின் போடும் முன் அதை நிதானமாக வாசியுங்கள். நிதி நிறுவனத்துக்குக் கட்டுவதாகச் சொன்ன இடத்தில் ஒரு தனிநபரின் பெயர் வந்தால், அது அநேகமாக வாடகைக் கணக்கு: சில ஆயிரம் ரூபாய்க்கு யாரோ விற்ற அல்லது வாடகைக்கு விட்ட வங்கிக் கணக்கு.

அழைத்த எண்ணும் ஓரளவு உதவும். வங்கிகளின் சேவை அழைப்புகளுக்கு 1600 என்று தொடங்கும் எண்களும், விளம்பர அழைப்புகளுக்கு 140 என்று தொடங்கும் எண்களும் ஒதுக்கப்பட்டிருக்கின்றன. சாதாரணப் பத்து இலக்க மொபைல் எண்ணிலிருந்து "ஹெட் ஆபீஸ்" பேசினால் சந்தேகப்படுங்கள்.

## ஆவணம் கேட்டால், ஆப் ஏற்றச் சொன்னால்

வாட்ஸ்அப்பில் ஆதாரையும் பானையும் அனுப்புவதைத் தவிருங்கள். கட்டாயம் கொடுத்தாக வேண்டிய இடங்களில் முதல் எட்டு இலக்கங்கள் மறைக்கப்பட்ட ஆதாரைப் பயன்படுத்தலாம். ஆதார் இணையதளத்திலேயே தரவிறக்கலாம்.

ஏபிகே கோப்பு, அதாவது பிளே ஸ்டோர் வழியாக வராமல் நேரடியாக அனுப்பப்படும் ஆப், வந்தால் தொடவே வேண்டாம். குறுஞ்செய்திகளைப் படித்து ஓடிபியை வெளியே அனுப்பும் ஆப்கள் இப்படித்தான் உள்ளே வருகின்றன. திரையைப் பகிரச் சொல்லும் ஆப்களும் அப்படியே. முறையான கடன் ஆப் உங்கள் தொடர்பு எண்களையும் புகைப்படங்களையும் அழைப்புப் பதிவுகளையும் எடுக்க ரிசர்வ் வங்கி அனுமதிப்பதில்லை. கேட்டால் அந்த இடத்திலேயே நிறுத்துங்கள்.

## "லோன் சாங்ஷன் ஆயிடுச்சு, ஈஎம்ஐ ஓடும்" என்று மிரட்டினால்

வேண்டாம் என்றதும் குரல் மாறும். சிபில் கெட்டுவிடும், வக்கீல் நோட்டீஸ் வரும், ஈஎம்ஐ தொடங்கிவிட்டது என்பார்கள். கணக்கில் பணம் வராமல் கடன் இல்லை. கடன் இல்லாமல் தவணை இல்லை. கடன் வரலாற்றில் பதிவு செய்ய, அதைத் தயாரிக்கும் நிறுவனங்களில் உறுப்பினராக உள்ள வங்கிகளாலும் நிதி நிறுவனங்களாலும்தான் முடியும், இவர்களால் முடியாது. ஒரே ஒரு சரிபார்ப்பு மட்டும் செய்யுங்கள்: பேச்சுவாக்கில் ஆட்டோபே (கணக்கிலிருந்து தானாகப் பணம் பிடிக்கும் அனுமதி) எதையாவது ஒப்புக்கொண்டிருந்தால், யுபிஐ ஆப்பின் ஆட்டோபே பகுதியில் அதை ரத்து செய்யுங்கள்.

கேட்காமலே கணக்கில் பணம் வந்து விழுந்தால் அதைச் செலவழிக்க வேண்டாம். அழைத்தவர் சொல்லும் எண்ணுக்குத் திருப்பி அனுப்பவும் வேண்டாம். உங்கள் வங்கிக்கு எழுத்தில் தெரிவித்து, அவர்கள் வழியாகவே திருப்புங்கள்.

## பணம் போய்விட்டால்

உடனே 1930-ஐ அழையுங்கள். இணையக் குற்றங்களில் பணம் இழந்தவர்களுக்கான தேசிய உதவி எண் இது. வேகம் ஏன் முக்கியம் என்றால், நீங்கள் அனுப்பிய பணம் முதல் வாடகைக் கணக்கில் அதிக நேரம் தங்காது. அங்கிருந்து இரண்டு, மூன்று கணக்குகளாகப் பிரிந்து ஏடிஎம்மில் ரொக்கமாகிவிடும். அதற்கு முன் புகார் பதிவானால், இருக்கும் இடத்திலேயே அந்தத் தொகையை எடுக்க முடியாமல் வங்கி நிறுத்தி வைக்கும். மறுநாள் காலை பார்த்துக்கொள்ளலாம் என்று விட்டால் நிறுத்தி வைக்க அங்கே அநேகமாக எதுவும் மிச்சம் இருக்காது.

அழைக்கும்போது கையில் இருக்க வேண்டியவை: உங்கள் கணக்கு எண், அனுப்பிய தொகை, தேதி, நேரம், பெற்றவரின் யுபிஐ முகவரி அல்லது கணக்கு எண், பரிவர்த்தனையின் 12 இலக்கக் குறிப்பு எண். இந்தக் கடைசி எண் யுபிஐ ஆப்பில் அந்தப் பரிவர்த்தனையைத் திறந்தால் "யுடிஆர்" அல்லது "யுபிஐ டிரான்ஸாக்ஷன் ஐடி" என்ற பெயரில் இருக்கும். பல தடவை அனுப்பியிருந்தால் ஒவ்வொன்றுக்கும் தனித்தனியாகச் சொல்லுங்கள். முதலில் போன சின்னத் தொகைகளை வெட்கப்பட்டு விட்டுவிடாதீர்கள்; ஒவ்வொன்றும் வேறொரு கணக்குக்குப் போயிருக்கலாம்.

பிறகு சைபர்கிரைம் டாட் ஜிஓவி டாட் இன் தளத்தில் விவரங்களைப் பதிந்து ஒப்புகை எண்ணைக் குறித்துக்கொள்ளுங்கள். உங்கள் வங்கிக்கும் சொல்லுங்கள். வாட்ஸ்அப் உரையாடலை ஆத்திரத்தில் அழித்துவிட வேண்டாம். ஸ்கிரீன்ஷாட் எடுத்த பிறகு பிளாக் செய்யலாம். பணம் இழக்காமல் அழைப்பு மட்டும் வந்திருந்தால், மத்தியத் தொலைத்தொடர்புத் துறையின் சஞ்சார் சாத்தி தளத்தின் "சக்ஷு" பகுதியில் அந்த எண்ணைப் புகார் செய்யலாம்.

சில வாரங்கள் கழித்து இன்னொரு அழைப்பு வரக்கூடும். "சைபர் செல்லில் இருந்து பேசுகிறோம், உங்கள் பணம் மீட்கப்பட்டுவிட்டது, கோர்ட் ஃபீஸ் 2,500 கட்டினால் ரிலீஸ் ஆகும்" என்பார்கள். ஏமாந்தவர்களின் பட்டியலையும் விற்கிறார்கள். பணத்தை மீட்டுக் கொடுக்கக் காவல்துறை யுபிஐயில் கட்டணம் வாங்குவதில்லை.

ஆதாரும் பானும் போயிருந்தால், ஆதாரின் கைரேகைப் பதிவை ஆதார் ஆப்பில் பூட்டி வையுங்கள். சஞ்சார் சாத்தியில் உங்கள் பெயரில் எத்தனை சிம்கள் இருக்கின்றன என்று பாருங்கள். உங்களுடையது அல்லாத எண் இருந்தால் அங்கேயே தெரிவிக்கலாம். கடன் அறிக்கையை நான்கு நிறுவனங்களும் வருடத்துக்கு ஒரு முறை இலவசமாகத் தர வேண்டும். நான்கிலும் ஒரே நாளில் வாங்கிவிடாமல் மூன்று மாதத்துக்கு ஒன்றாக வாங்கினால் வருடம் முழுவதும் கண்காணிக்கலாம். அதில் உங்கள் அறிக்கையை யார் யார் கேட்டுப் பார்த்தார்கள் என்று காட்டும் "என்கொயரி" பகுதியை முதலில் பாருங்கள். நீங்கள் விண்ணப்பிக்காத நிறுவனத்தின் பெயர் அங்கே இருந்தால், அந்த நிறுவனத்துக்கும் அறிக்கை கொடுத்த நிறுவனத்துக்கும் அன்றே எழுத்தில் ஆட்சேபம் அனுப்புங்கள். 1930-இல் பெற்ற ஒப்புகை எண்ணையும் அதோடு இணையுங்கள்.